அந்த அம்மா அந்தப் பேப்பரில் இருக்கிறாவா? சான்றுசார் மருத்துவமும் கொழும்பு மருத்துவ மாணவர்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வழக்கத்தை மட்டும் நம்பாமல், ஆய்வுகள் தரும் சிறந்த சான்றையும் சேர்த்துப் பார்த்துச் சிகிச்சையைத் தீர்மானிப்பதுதான் சான்றுசார் மருத்துவம். அது தேவையா என்று ஒரு மருத்துவ மாணவரிடம் கேட்டால் தேவையில்லை என்று சொல்லமாட்டார். பல நாடுகளில், பல பீடங்களில் வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் முடிவு ஒன்றுதான்: மனப்பாங்கு நன்றாக இருக்கிறது, அறிவு போதாது. இதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு விரிவுரை வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் கொழும்பில் வேலை செய்யும் மருத்துவர். மாணவர்கள் அழைத்தால் குப்பி எடுக்கப் போவேன். குப்பி என்றால் மாணவர்கள் தாங்களாகக் கூடிப் படிக்கும் சிறு வகுப்பு. நான் பார்த்த வரையில் இந்தச் சிக்கல் விரிவுரை மண்டபத்தில் தீரக்கூடியதாகத் தெரியவில்லை. ஒரு நோயாளியையும் நான்கு மாணவர்களையும் வைத்து ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று காட்ட முயல்கிறேன்.

நோயாளி யார் என்று தெரியாமலிருக்க ஊர், வயது, நாள் ஆகிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். வைத்தியசாலையின் பெயரும் பீடத்தின் பெயரும் இங்கே தேவையில்லை.

நிகழ்வு

அவிசாவளைப் பக்கத்து இறப்பர் தோட்டமொன்றில் ஐம்பதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு தாய். விறகு பொறுக்கப் போன இடத்தில் கணுக்காலுக்கு மேலே பாம்பு கடித்திருக்கிறது. விஷத்தை உறிஞ்சும் என்று நம்பி, தோட்டத்தில் ஒருவர் கடிவாயில் விஷக்கல் வைத்துப் பார்த்ததில் கொஞ்ச நேரம் போய்விட்டது. பிறகு பக்கத்துச் சிறிய வைத்தியசாலை. அங்கே ஏதும் சிக்கல் வந்தால் சமாளிக்கத் தீவிர சிகிச்சை வசதி இல்லாததால் அம்பியூலன்ஸில் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். மகன் செத்த பாம்பை ஷொப்பிங் பேக்கில் கட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார். கண்ணாடி விரியன். வடக்கில் புடையன் என்று சொல்லும் வகை.

கால் வீங்கியிருந்தது. பல் முரசில் இரத்தக் கசிவு. சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் வைத்த இரத்தம் 20 நிமிடம் கழித்துச் சரித்துப் பார்த்தபோதும் தண்ணீராக ஓடியது. விஷமுறி மருந்து கொடுத்தே ஆகவேண்டும். அதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கேள்வி அதற்கு முந்திய நிமிடத்தைப் பற்றியது.

இலங்கையில் நாம் பாவிக்கும் விஷமுறி மருந்து இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிரானது. உயிரைக் காப்பாற்றும் அதே மருந்து பலருக்கு ஒவ்வாமை எதிர்வினையையும் கொண்டுவரும். உடம்பு தடித்துச் சொறியும், நடுங்கும், சிலருக்கு மூச்சு இழுத்து பிரஷர் விழும். அதைத் தடுக்க மருந்துக்கு முன்னால் எதையாவது ஊசியில் போடுவது பழைய வழக்கம். அந்த வார்டில் வழக்கமாக இருந்தவை ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும். ஹவுஸ் ஒஃபிசர், அதாவது வார்டின் இளம் மருத்துவர், இரண்டையும் ஊசியில் ஏற்றித் தட்டில் வைத்துவிட்டார். தவறான எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு முந்திய ஹவுஸ் ஒஃபிசர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

அங்கே இருந்த மாணவர்களில் கிளிநொச்சிப் பெண் ஒருத்தி சில நாள் முன்னர்தான் இதே விஷயத்தைக் குப்பியில் படித்திருந்தாள். இந்த இரண்டு மருந்தாலும் பலன் இல்லை, தோலுக்குக் கீழே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால்தான் பலன் என்று ஒரு ஆய்வு இருக்கிறதே என்று, ஹவுஸ் ஒஃபிசருக்கு மேலே உள்ள மருத்துவரான ரெஜிஸ்ட்ராரிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. எந்தப் பேப்பர், எத்தனை பேர், எங்கே நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள். பிறகு சிங்களமும் ஆங்கிலமும் கலந்து இன்னொரு கேள்வி கேட்டார். இந்த அம்மா அந்தப் பேப்பரில் இருக்கிறாவா?

அவளுக்குப் பதில் தெரியவில்லை. பதில் வேறொரு மாணவியிடமிருந்து வந்தது. ஹவுஸ் ஒஃபிசருக்குத் தமிழ் வராது. அந்த அம்மாவுக்குச் சிங்களம் கொஞ்சம் வரும், ஆனால் பயத்தில் வாயே திறக்கவில்லை. பதிவில் பிரஷர் என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. கொழும்பு வார்டுகளில் தமிழ் பேசும் மாணவர்களுக்கு இது பழக்கமான வேலை. தமிழ் தெரிந்த பிள்ளை யார், இங்கே வா என்று கூப்பிடுவார்கள். ஹட்டனிலிருந்து வந்த மாணவி கட்டில் பக்கத்தில் குனிந்து, தோட்டத்துப் பேச்சிலேயே பேச்சுக் கொடுத்தாள். "என்ன மாத்திரை போடுறீங்கம்மா?" என்று கேட்டதற்கு அந்த அம்மா, "நெஞ்சு அடைச்சா நாக்குக்குக் கீழ வைக்கிற மாத்திரையும் இருக்கு" என்றார். மகனின் பையிலிருந்து கிளினிக் கொப்பி வந்தது. மழையில் நனைந்து காய்ந்து, ஓரம் சுருண்ட 80 பக்கக் கொப்பி. உள்ளே அஸ்பிரின், அட்டோர்வஸ்டட்டின், நாக்குக்குக் கீழே வைக்கும் நைட்ரேட் என்று மாதா மாதம் எழுதி முத்திரை குத்தியிருந்தது. இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாய் அடைப்புக்கான மருந்துகள்.

முன்கூட்டி அட்ரினலின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் இப்படிப்பட்ட இதய நோயாளிகளைச் சேர்த்திருக்கவில்லை. அட்ரினலின் இதயத்தின் வேலையைக் கூட்டும், இவருக்கு அது ஆபத்தாகலாம். கடைசியில் ரெஜிஸ்ட்ரார் எடுத்த முடிவு: முன்கூட்டி எந்த ஊசியும் வேண்டாம். அட்ரினலினைச் சரியான அளவில் ஊசியில் ஏற்றிக் கட்டிலருகே தயாராக வைத்துக்கொண்டு, மொனிட்டர் பூட்டி, ஒருவர் பக்கத்திலேயே நின்று விஷமுறி மருந்தை ஆரம்பிப்பது. உண்மையான எதிர்வினை வந்தால் இதய நோய் இருந்தாலும் அட்ரினலின்தான் உயிர் காக்கும். வராத எதிர்வினைக்கு முன்கூட்டிக் கொடுப்பதும், வந்த எதிர்வினைக்குக் கொடுப்பதும் இரண்டு வேறு கணக்குகள்.

மருந்து ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்தில் உடம்பு தடித்துக் குளிர் நடுக்கம் வந்தது. மருந்தை நிறுத்தி, எதிர்வினைக்குச் சிகிச்சை கொடுத்து, அடங்கியதும் மெதுவாகத் தொடர்ந்தார்கள். மறுநாள் இரத்தம் உறையத் தொடங்கியது. சிறுநீரகம் தப்பித்தது. அவர் வீட்டுக்குப் போனார்.

அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது

இந்த நோயாளி வருவதற்குச் சில நாள் முன்னர் வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் அறையில் அந்தக் குப்பி நடந்தது. கிளிநொச்சி, ஹட்டன், காத்தான்குடி, வெள்ளவத்தை என்று நான்கு பேர். நான்கு பேருக்கும் பாடம் தெரியும். 1991இல் கோர்டன் கயாட் என்ற மருத்துவர் சான்றுசார் மருத்துவம் என்ற பெயரைப் பாவித்தது தெரியும். அவருடைய கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தெரியும். கேள்வியை நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று பிரித்து எழுதும் பிகோ முறை தலைகீழாகத் தெரியும். சான்றுகளின் கூம்பகப் படத்தை வரைந்து காட்டினார்கள். உச்சியில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் தொகுப்பாய்வு, அதற்குக் கீழே நோயாளிகளைக் குலுக்கல் போலக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் எழுமாற்றுக் கட்டுப்பாட்டுப் பரிசோதனை, அடியில் நிபுணர் கருத்து. வரைந்த படம் அச்சடித்தது போல இருந்தது. ஆண்டு தோறும் கைமாறி வரும் சீனியர் நோட்ஸில் உள்ள அதே படம்.

அதன்பிறகு ஒரு ஆய்வுச் சுருக்கத்தைக் கையில் கொடுத்தேன். களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வா முதல் ஆசிரியராக 2011இல் ப்ளொஸ் மெடிசின் இதழில் வெளிவந்தது. இலங்கை வைத்தியசாலைகளில் விஷமுறி மருந்து பெற்ற 1007 பேர். அட்ரினலின், புரோமெதசின், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற மூன்றையும் ஒரே பரிசோதனையில் தனித்தனியாகவும் சேர்த்தும், போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு மருந்தும் உண்டு அல்லது இல்லை என்பதால் எட்டுக் குழுக்கள். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.

அந்தச் சுருக்கத்தில் 43 சதவீதம் இரண்டு இடத்தில் வருகிறது. மொத்தம் 752 பேருக்கு, அதாவது 75 சதவீதத்தினருக்கு, ஏதோ ஒரு எதிர்வினை வந்தது. அந்த எதிர்வினைகளில் 43 சதவீதம் கடுமையானவை. அது முதலாவது. அட்ரினலின் கொடுத்ததால் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடுமையான எதிர்வினைகள் 43 சதவீதம் குறைந்தன. அது இரண்டாவது. போதாதற்கு, 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்த இன்னொரு இலங்கை ஆய்வையும் மேசையில் வைத்திருந்தேன். 105 பேர் கொண்ட சிறிய பரிசோதனை. அட்ரினலின் பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 43 சதவீதத்தினருக்கும் எதிர்வினை வந்தது. ஆக மூன்றாவது 43.

நான்கு பேரும் மூன்றையும் குழப்பிக்கொண்டார்கள். காத்தான்குடி மாணவர் நூறு பேரில் 43 பேருக்குக் கடும் எதிர்வினை வரும் என்று எழுதினார். கிளிநொச்சி மாணவி அட்ரினலின் கொடுத்தால் நூறில் 43 பேர் தப்புவார்கள் என்றாள். எதன் 43 என்று கேட்டதும் அறை அமைதியாகிவிட்டது. இந்த இடத்தை நான் அவசரமாகக் கடக்க விரும்பவில்லை, அறிவு போதாது என்று வினாக்கொத்துகள் ஒரே வரியில் சொல்வது நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். வரைவிலக்கணம் வாயில் இருக்கிறது. பகுதி எண் எது என்று பார்க்கும் கண் இன்னும் பழகவில்லை.

ஒரு கொப்பித் தாளில் போட்டுப் பார்த்தோம். 752இன் 43 சதவீதம் ஏறத்தாழ 323. 1007 பேரில் 323 என்றால் மூன்றில் ஒருவருக்குக் கடும் எதிர்வினை. அப்புறம் 1999 ஆய்வு. 43இலிருந்து 11ஐக் கழித்தால் 32. நூறு பேருக்குக் கொடுத்தால் 32 பேருக்கு எதிர்வினை தவிர்கிறது. அப்படியானால் ஒருவருக்குத் தவிர்க்க ஏறத்தாழ மூன்று பேருக்குக் கொடுக்கவேண்டும். என்.என்.டி. என்று பரீட்சைக்குப் பாடமாக்கியது இதுதானா என்று வெள்ளவத்தை மாணவர் கேட்டார். உயர்தரத்துக்கு உயிரியலிலும் இரசாயனத்திலும் உச்சப் புள்ளி எடுத்து, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் போட்டியிட்டு வந்த பிள்ளைகள். இந்தக் கழித்தலும் வகுத்தலும் அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு தடவை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு ஆய்வும் ஒரே பக்கம் சாய்ந்தாலும் ஒரே விளைவை அளக்கவில்லை என்பதை ஹட்டன் மாணவி கண்டுபிடித்தாள். ஒன்று எல்லா எதிர்வினைகளையும் எண்ணியது, மற்றது கடுமையானவற்றை முதன்மையாக எடுத்தது. அன்று மாலை நடந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகவே பார்த்தாள்.

விஷக்கல்லும் ஹைட்ரோகோர்ட்டிசோனும்

2011 ஆய்வில் ஹைட்ரோகோர்ட்டிசோனும் புரோமெதசினும் கடும் எதிர்வினையைக் குறைக்கவில்லை. அதற்கும் மேலாக, அட்ரினலினோடு ஹைட்ரோகோர்ட்டிசோனையும் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் பலன் இல்லாமல் போனது. எதிர்வினைகளில் 89 சதவீதம் முதல் மணித்தியாலத்துக்குள் வந்தன. ஹைட்ரோகோர்ட்டிசோன் பெரும்பாலும் கலத்தின் உள்ளே புரத உற்பத்தியை மாற்றி வேலை செய்வது, அதற்குச் சில மணித்தியாலம் பிடிக்கும். எதிர்வினை வந்து போன பிறகு வேலையை ஆரம்பிக்கும் மருந்து எப்படித் தடுக்கும்? புரோமெதசின் தூக்கம் வரவைக்கும். இலங்கையின் கண்ணாடி விரியன் கடியில் கண் இமை சரிவதும் ஒரு அறிகுறி. தூங்கி வழியும் நோயாளியில் இமை விஷத்தால் சரிகிறதா மருந்தால் சரிகிறதா என்று பார்ப்பது கடினம்.

அப்படியிருந்தும் வழக்கம் ஏன் தொடர்கிறது என்று காத்தான்குடி மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. பதிலைப் பிறகு அந்த அம்மாவின் மகன்தான் தந்தார். வைத்தியசாலை வாசலில் அவர் ஹட்டன் மாணவியிடம், விஷக்கல் வைப்பவர் தன் கையால் எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறார் என்று சொன்னார். பொய்யில்லை. கடிக்கும் பாம்புகளில் விஷமற்றவை பல. விஷப் பாம்பும் சில வேளை விஷத்தைச் செலுத்தாமல் கடிக்கும். கோப்பிப் பற்றைக்குள்ளும் இறப்பர் சருகுக்குள்ளும் கடிக்கும் கூர்மூக்கு விரியன் வலியும் வீக்கமும் தந்தாலும் பெரும்பாலானோர் பிழைத்துவிடுவார்கள். கல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பிழைத்திருப்பார்கள். கல் வைக்காத ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவரை அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

வார்டில் ஹைட்ரோகோர்ட்டிசோன் போடுபவரின் நம்பிக்கையும் இதே மாதிரித்தான் உருவாகிறது. போட்டோம், பலர் நன்றாக இருந்தார்கள். போடாத கூட்டத்தை அவர் பார்த்ததில்லை. தோட்டத்து வைத்தியரையும் வார்டு மருத்துவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது என் நோக்கம் அல்ல. இரண்டு பேரும் நேர்மையாகத் தங்கள் கண்ணால் கண்டதைச் சொல்கிறார்கள். ஒருவர் கண்ணால் காண முடியாததைக் காட்டத்தான் எழுமாற்றுப் பரிசோதனை. இதை மாணவர்களிடம் சொன்னபோது கிளிநொச்சி மாணவி, "அப்ப ஊரில பரியாரியார் சொன்னதை நாங்க பகிடி பண்ணினது பிழை, சேர்" என்றாள். அவள் முகத்தில் அன்று தெரிந்த யோசனை எந்த வினாக்கொத்திலும் பதிவாகாது.

இந்த நோயாளிக்கு எதிர்வினை வந்ததை வைத்து, பார்த்தீர்களா, ஹைட்ரோகோர்ட்டிசோன் கொடுத்திருந்தால் வந்திருக்காது என்று வார்டில் ஒருவர் சொன்னாராம். மாணவர்கள் அதற்கு மயங்கவில்லை. 1007 பேரைப் பார்த்துவிட்டு வந்தவர்களை ஒரு கட்டிலைக் காட்டி அசைக்க முடியாது.

மனப்பாங்கு எங்கே மாறுகிறது

அந்தக் குப்பிக்கு முன்னால் நான்கு பேரிடமும் கேட்டிருந்தால் சான்றுசார் மருத்துவத்துக்கு முழுப் புள்ளி கொடுத்திருப்பார்கள். அதே மாலையில் வெள்ளவத்தை மாணவர் சொன்னது இது: "பேப்பர்ல ஒன்று, வார்ட்ல ஒன்று சேர். எக்ஸாமுக்கு வார்ட்ல செய்யிறதைத்தான் சொல்லவேணும்." மற்ற மூவரும் தலையாட்டினார்கள். இதைக் கேட்டு மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வாய்மொழிப் பரீட்சையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகிப்பதில் அவர்களது ஐந்து வருடமும் தங்கியிருக்கிறது. வேறொரு வார்டில் இதே மாதிரிக் கேள்வி கேட்ட மாணவர் ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் படித்தது போதும் வேலையைப் பார் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த மாணவர் இனிமேல் கேட்கமாட்டார். ஆனால் வினாக்கொத்தில் இப்போதும் மிகவும் உடன்படுகிறேன் என்ற கட்டத்தில்தான் அடையாளம் போடுவார்.

அதனால் மனப்பாங்கு அளக்கும் கேள்விகளை நான் நம்புவதில்லை. அறிவை அளப்பதற்கு நல்ல கருவிகள் இருக்கின்றன. 2002இல் வந்த பெர்லின் வினாக்கொத்தும் 2003இல் வந்த ஃப்ரெஸ்னோ சோதனையும் மாணவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கேட்காமல் அவருக்கு என்ன தெரியும் என்று சோதிக்கின்றன. ஃப்ரெஸ்னோ ஒரு நோயாளியைக் காட்டி, கேள்வியை எழுது, சான்றை எங்கே தேடுவாய், எண்ணைக் கணக்கிடு என்று கேட்கிறது. மனப்பாங்குக்கு அப்படி ஒரு சோதனை வேண்டுமானால் அது வார்ட் ரவுண்டில்தான் கிடைக்கும். தட்டில் ஊசி தயாராக இருக்கிறது, மேலே நிற்பவர் அவசரத்தில் இருக்கிறார், உனக்கு ஒன்று தெரியும். கேட்பாயா?

கிளிநொச்சி மாணவி கேட்டதற்குக் காரணம் அவளது துணிச்சல் மட்டுமல்ல. அந்த ரெஜிஸ்ட்ரார் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்பவர் என்று பட்ச் முழுவதும் தெரியும். அவர் அவளைப் பாராட்டவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. இந்த அம்மா அந்தப் பேப்பரில் இருக்கிறாவா என்று கேட்டதன் மூலம் அவளை அடுத்த படிக்கு ஏற்றினார். இந்தத் துறையின் முன்னோடி டேவிட் சாக்கெட்டும் கூட்டாளிகளும் சான்றுசார் மருத்துவத்துக்கு 1996இல் எழுதிய விளக்கத்தில் மூன்று விஷயம் இருக்கிறது: கிடைக்கக்கூடிய சிறந்த சான்று, மருத்துவரின் அனுபவ அறிவு, நோயாளியின் நிலையும் விருப்பமும். மாணவர்கள் மூன்றையும் வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அன்று சான்று ஒருத்தியிடமும், அனுபவம் ரெஜிஸ்ட்ராரிடமும், நோயாளி பற்றிய முக்கியமான செய்தி இன்னொருத்தியிடமும் இருந்தன. மூன்றும் சந்தித்த இடம் அந்தக் கட்டில்.

அப்போது பிரிட்டனில் வேலை செய்த குமாரசாமியும் காலித் கானும் 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். பட்டப்பின் படிப்பில் சான்றுசார் மருத்துவத்தைக் கற்பிப்பது எதையாவது மாற்றுகிறதா என்பது கேள்வி. தனி வகுப்பாகக் கற்பித்தால் அறிவு கூடுகிறது, திறனும் மனப்பாங்கும் நடத்தையும் மாறுவதில்லை. வார்டு வேலையோடு இணைத்துக் கற்பித்தால் நான்கும் முன்னேறுகின்றன. அது பட்டதாரி மருத்துவர்களைப் பற்றியது என்றாலும், நான் மாணவர்களிடம் காண்பதும் அதோடு ஒத்துப்போகிறது. நமது நாட்டில் பாடம் பெரும்பாலும் விரிவுரையிலும் குழு ஆராய்ச்சித் திட்டத்திலும் அடங்கிவிடுகிறது. பேராசிரியர் அலகின் வார்ட் அப்பொயின்ட்மென்ட், அதாவது வார்டில் நடக்கும் பயிற்சிக் காலம், வரும்போது அந்தக் கொப்பி பெட்டிக்குள் போய்விட்டது.

சின்னத் தடைகளும் உண்டு. மாணவர்கள் கட்டுரை தேடுவது போனில். தாழ்வாரத்தில் நின்று போனைப் பார்க்கும் பிள்ளை வட்ஸப் பார்க்கிறான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். மேலே சொன்ன இரண்டு பாம்புக்கடி ஆய்வுகளையும் யாரும் பணம் கட்டாமல் இணையத்தில் வாசிக்கலாம். ஆனால் அவற்றை வாசிக்கலாம் என்று மாணவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இலங்கை நோயாளிகளை வைத்து, இலங்கை மருத்துவர்கள் செய்து, உலகம் முழுவதும் மேற்கோள் காட்டும் ஆய்வுகள். கொழும்பில் படிக்கும் பிள்ளைகள் சான்று என்றால் எங்கேயோ வெளிநாட்டில் உற்பத்தியாவது என்று நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு உண்மையாகவே வலித்தது.

மகனுக்குச் சொன்னது

விஷமுறி மருந்து ஆரம்பிக்கும் முன் மகன் கேட்டார்: "அம்மாவுக்கு ஒன்னும் ஆகாதுங்களா டொக்டர்?" ஹட்டன் மாணவி முதலில் எதிர்வினைக்கான வாய்ப்பு 75 சதவீதம் என்று ஆரம்பித்தாள். மகனின் முகம் வெளிறியது. அவள் நிறுத்தி, விரலைக் காட்டிச் சொன்னாள். இந்த மருந்து போட்ட நாலு பேரில் மூணு பேருக்குச் சொறியோ நடுக்கமோ ஏதாவது வந்திருக்கு. வந்தால் சமாளிக்க மருந்து பக்கத்திலேயே வச்சிருக்கோம், நாங்களும் நிப்போம். மருந்து போடாமல் விட்டால் இரத்தம் நிற்காது. அவர் தலையாட்டினார். பிறகு எதிர்வினை வந்தபோது அவர் பதறவில்லை, சொன்னது வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டார்.

நான்கில் மூன்று என்ற அந்த எண் எங்கிருந்து வந்தது? 1007இல் 752. போர்டிங் அறையில் கொப்பித் தாளில் எழுதியது. ஆய்வை வாசிப்பதும் நோயாளியின் வீட்டாரோடு பேசுவதும் பாடத்திட்டத்தில் இரண்டு தலைப்பு. அங்கே இரண்டும் ஒரே வேலை. தமிழ் பேசும் மாணவர்களை மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடும் வார்டுகள் இதைக் கவனிக்கவேண்டும். கிளினிக் கொப்பியை வெளியே எடுக்க வைத்தவள் சிகிச்சை முடிவில் பங்கெடுத்த ஒருத்தி.

பிறகு

அந்த வார்டில் ஊசித் தட்டு மாறியதா? ஒரு வாரத்தில் எதுவும் மாறாது. ரெஜிஸ்ட்ரார் கன்சல்டன்ட்டிடம் பேசினார். இலங்கை மருத்துவச் சங்கத்தின் பாம்புக்கடி நிபுணர் குழுவின் வழிகாட்டியை அச்சடித்துத் தாதிமாரின் மேசைக்கு மேலே ஒட்டினார்கள். அதற்குக் கீழே, அட்ரினலின் முன்கூட்டிக் கொடுக்கும் முன் இதய நோய் உண்டா என்று கேட்கவும் என்று கையால் ஒரு வரி மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழ் வரி ஹட்டன் மாணவியின் கையெழுத்து.

குப்பியும் வடிவம் மாறிவிட்டது. முன்பு தலைப்பு எடுத்துப் படித்தார்கள். இப்போது அந்த வாரம் பார்த்த ஒரு நோயாளியிலிருந்து ஒரு கேள்வி எடுக்கிறார்கள், ஒரே ஒரு கட்டுரை வாசிக்கிறார்கள், அந்த நோயாளி கட்டுரைக்குள் வருவாரா என்று கடைசியில் கேட்கிறார்கள். இரண்டு சிங்கள நண்பர்களும் சேர்ந்துகொண்டதால் பாதி ஆங்கிலத்தில் நடக்கிறது.

அடுத்து எடுத்திருப்பது அந்தக் கண்ணாடிக் குழாய்ச் சோதனை. இலங்கையில் செய்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், கண்ணாடி விரியன் கடித்து இரத்தம் உறையும் தன்மை உண்மையாகவே கெட்டிருந்தவர்களில் 40 சதவீதத்தினரை மட்டுமே வார்டில் செய்த 20 நிமிடச் சோதனை பிடித்தது. உறையவில்லை என்று காட்டினால் நம்பலாம், ஒருவரும் பொய்யாகப் பிடிபடவில்லை. உறைந்தது என்று காட்டினால் அதை வைத்து மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. காத்தான்குடி மாணவர் வார்டில் பாவிக்கும் குழாய்களைப் பார்த்துவிட்டு வந்தார். சில கண்ணாடி, சில பிளாஸ்டிக். சவர்க்காரம் போட்டுக் கழுவியவையும் இருந்தன. இரத்தம் உறைய ஆரம்பிப்பதற்குச் சுத்தமான கண்ணாடியின் மேற்பரப்பு வேண்டும் என்பதால் இந்த வித்தியாசம் முடிவையே மாற்றிவிடும். சோதனை பிழையா, குழாய் பிழையா என்பதுதான் இப்போது அவர்களுடைய கேள்வி. அதற்கு எந்தக் கட்டுரையை வாசிப்பது என்று அவர்களே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.